லீவு அச்சடிக்கிற கம்பெனி

அந்தக் காலண்டரை மடியில குறுக்க வைக்காதீங்க தாயி. மேல இருக்கிற தகரம் சேலையைக் கிழிச்சிரும். நிமித்தி வைங்க. ஆங், அப்படி. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? அந்தத் தகரத்தை அடிச்ச கை தாயி இது. நகைக்கடையில சும்மா குடுத்தாகளா? குடுப்பாக. டிசம்பர் பாதி தாண்டிட்டா எல்லாக் கடையிலயும் குடுப்பாக. வாங்குனவுக வீட்டுக்குப் போய் ஆணியில மாட்டுவாக. மாட்டுனதும் மொத வேலையா தாளைப் புரட்டி, சிவப்பு எங்கெங்க வருதுன்னு பாப்பாக. தீபாவளி ஞாயித்துக்கிழமையில வந்திருச்சா, ஒரு லீவு போச்சேன்னு திட்டுவாக. நீங்களும் பாத்துட்டீங்கதானே? சிரிக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான்.

அந்தச் சிவப்புத் தாளெல்லாம் நாங்க அடுக்குனது. என் பேரு சண்முகக்கனி. சிவகாசியில ஒரு காலண்டர் கம்பெனியில, பைண்டிங் ஷெட்டுல வேலை. அச்சாகி வர்ற தாளைத் தேதி மாறாம அடுக்கி, தகரம் வச்சு அடிச்சு, அட்டையில ஏத்துற வேலை. அக்டோபர் மாசம் வரைக்கும் பாத்தேன். இப்ப இல்ல. ஏன் இல்லன்னு சொல்றேன். விருதுநகர் வரைக்கும் வரீங்கல்ல? அப்ப நேரம் இருக்கு. நான் லேபர் ஆபீஸ் ஸ்டாப்புல எறங்கணும், கண்டக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அங்க இன்னைக்கு நான் குடுத்த மனு மேல பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் கம்பெனி, நடுவுல ஆபீசர். கம்பெனிக்காரங்க ஒரு தாள் கொண்டாருவாக. அதுல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கே வேலைக்குப் போகலாம். போடமாட்டேன். அதை இப்பவே சொல்லிப்புடுறேன்.

உங்களுக்கு விடுகதை வருமா தாயி? ஒண்ணு போடுறேன். ஆடிக்கிட்டே வருவா, காத்தையும் கூட்டிக்கிட்டு வருவா, புதுசாக் கட்டுன பொண்டாட்டியை அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலை பாப்பா. யாரு? ஆடி மாசம் தாயி. கொஞ்சம் யோசிச்சிருந்தா வந்திருக்கும். சரி, இது லேசானது. புரட்டிப் புரட்டிப் பாத்தாலும் சட்டியில கறியில்ல. புரட்டாசி. ஊசியுமில்ல நூலுமில்ல, ஆனா பேரு அதுதான். தை. பங்கு பங்குன்னு சொல்லிக்கிட்டே வருவா, ஒரு பைசா பங்கு தரமாட்டா. பங்குனி. நீங்க சொல்றதுக்குள்ள நான் சொல்லிட்டேனா? பரவாயில்ல, உங்களுக்கு வந்திருக்காது. எல்லாம் நானாக் கட்டுனது. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. நாள் முழுக்க மாசத்தையும் கிழமையையும் கையில வச்சு அடுக்குறவளுக்கு வேற என்னதான் தோணும்.

எங்க ஷெட்டுல ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்துனது. சுவத்துல ஷெட்டுக்குன்னு ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அன்னன்னைக்குத் தாள்ல கீழ கொஞ்சம் வெள்ளை எடம் இருக்கும்ல, அதுல நான் காலையில ஒரு விடுகதை எழுதிருவேன். கிழமை, மாசம், பண்டிகை, இப்படி ஏதாவது. சோத்து நேரத்துல எல்லாரும் அவிழ்க்கணும். யாரு அவிழ்க்கிறாளோ அவதான் மறுநாள் காலையில தாளைக் கிழிப்பா. இதுல ஒரு பெருமை. கிழிக்கிறவ அன்னைக்கு ராணி மாதிரி. என் விடுகதை இல்லேன்னா அவளுகளுக்குச் சோறு இறங்காது தாயி. நான் டிபன் பாக்ஸைத் தொறந்து தொண்டையைச் செருமுனதும் சில பேரு சட்டுன்னு எழுந்திருச்சு வேப்பமரத்துப் பக்கம் போயிருவாளுக. தனியா உக்காந்து யோசிக்கத்தான்.

அதுல கெட்டிக்காரி ஒருத்தி உண்டு. குருவம்மா. என்னைவிட வயசுல சின்னவ, புருஷன் இல்ல, ஒரே மக. அவ பேசுறதே கம்மி. நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள பதிலைச் சொல்லிருவா. அதுவும் சத்தமாச் சொல்லமாட்டா, தாளை அடுக்கிக்கிட்டே வாய்க்குள்ள சொல்லுவா. பிப்ரவரிக்கு நான் கட்டுனது ஒண்ணு. பன்னண்டு பேரு அண்ணந்தம்பி, ஒருத்தன் மட்டும் குட்டை, நாலு வருஷத்துக்கு ஒருக்கா எக்கி நிப்பான். எழுதிட்டுத் திரும்புறேன், "பிப்ரவரி"ங்கிறா. எனக்குக் கோவம்னா கோவம். ஒரு நாளாவது திணறவேண்டாமா? ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் இருக்கும். நாம சொல்றது ஒருத்திக்காவது முழுசாப் புரியுதுன்னு ஒரு சந்தோசம். அதை அவகிட்டச் சொன்னதில்ல.

அவ மக திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா. ஹாஸ்டல். அங்க லீவு குடுக்கிறதே அபூர்வம். அந்தக் கம்பெனியில அக்டோபர் ரெண்டாம் தேதி மட்டும் கட்டாயம் லீவு, பனியன் வாங்குற வெளிநாட்டுக்காரன் வந்து கேப்பானாம். அதனால மக ஒண்ணாந்தேதி ராத்திரி பஸ் ஏறி வந்து, ரெண்டாந்தேதி பகல் அம்மாகூட இருந்துட்டு, அன்னைக்கே திரும்பணும். அந்த ஒரு பகலுக்காக இவ தவசிலிங்கத்துக்கிட்டப் போய் நிக்கிறா. தவசிலிங்கம் எங்க சூப்பர்வைசர். ஆள் கெட்டவரில்ல, முதலாளியைப் பாத்தா முதுகு வளையும், அவ்வளவுதான். அவரு சொல்றாரு, "காலண்டர் கம்பெனிக்கு ஏதும்மா லீவு? லீவை அச்சடிக்கிறவங்களே நாமதான். எல்லாரும் லீவு கொண்டாடணும்னா நாம வேலை பாக்கணும்."

என்ன பேச்சு பாருங்க. இவளும் தலையை ஆட்டிட்டு வந்து தாளை எடுத்து அடுக்குறா. அப்ப அவ கையில இருந்தது எது தெரியுமா தாயி? அக்டோபர் கட்டு. வர்ற வருசத்து அக்டோபர். ரெண்டாந்தேதி சிவப்பா இருக்கு, கீழ அரசு விடுமுறைன்னு போட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒண்ணு மேல ஒண்ணா வச்சுக்கிட்டே போறா. அழுகல, ஒண்ணும் பண்ணல. மூக்கை மட்டும் தோள்ல தொடைச்சுக்கிட்டா.

அது சட்டப்படி லீவு தாயி. யாரும் பிச்சை போடுற லீவு இல்ல. ஆனா ஆடி முடிஞ்சா எங்களுக்கு சீசன். ஆர்டர் மேல ஆர்டர். அக்டோபர் ரெண்டாந்தேதி என்ன நடக்கும்னா, காலையில படத்துக்குச் சந்தன மாலை போடுவாக, சின்ன முதலாளி வந்து கும்பிடுவாரு, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் குடுப்பாக, அப்புறம் மிஷினை ஓட்டிருவாக. மிட்டாய் வாயில கரையுறதுக்குள்ள நாங்க தகரம் அடிக்க ஆரம்பிச்சிருப்போம். வருசா வருசம் இதுதான். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நானும் கேட்டதில்லதான். எனக்கு அன்னைக்கு வீட்டுல இருந்து என்ன ஆகப்போகுது. ஆனா அவ மூக்கைத் தொடைச்சதைப் பாத்தப்பறம் எனக்குக் கை நிக்கல.

ஒண்ணாந்தேதி காலையில மார்க்கர் பேனாவை எடுத்தேன். கொட்டை எழுத்துல எழுதுனேன்.

சட்டை போடாத தாத்தா,
சாராயக் கடையைப் பூட்டுவாரு,
சர்க்கார் ஆபீசைப் பூட்டுவாரு,
எங்க கேட்டைப் பூட்ட மட்டும்
சாவி இல்லாமத் தவிக்கிறாரு.
யாரு?

எப்படி? சொல்லுங்க தாயி, எப்படி இருக்கு? நான் கட்டுனதுலயே அதுதான் நம்பர் ஒண்ணு. சின்னப் பிள்ளைகூட அவிழ்க்கும். சோத்து நேரத்துல எல்லாரும் சுவத்துக்கிட்ட வந்து நின்னு படிச்சாளுக. ஒருத்தியும் வாயைத் தொறக்கல. எழுத்து நல்லா இல்லியோன்னு நானே ஒருதரம் சத்தமாப் படிச்சுக் காமிச்சேன். அப்பவும் இல்ல. குருவம்மாவைப் பாத்தேன். அவ குனிஞ்சு ரசத்தை ஊத்திக்கிட்டு இருந்தா. காது மட்டும் செவந்து கெடந்துச்சு. "ஏடி, உனக்குத் தெரியாதா?"ன்னேன். "எக்கா, அதைக் கிழிச்சுப் போட்டுரு"ன்னா. கிழிக்கிறதா? அவிழ்க்காம எப்படிக் கிழிக்கிறது? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.

மறுநாள் ரெண்டாந்தேதி. யாரும் அவிழ்க்காததால தாள் அப்படியே தொங்குது. சின்ன முதலாளி மிட்டாய்த் தட்டோட உள்ள வர்றாரு. நேரா அதுக்கு முன்னால வந்து நின்னுட்டாரு. படிச்சாரு. திரும்பவும் படிச்சாரு. அவருக்குச் சட்டுன்னு புரிஞ்சிருச்சு தாயி, மூஞ்சி கறுத்துப்போச்சு. மொத்த ஷெட்டுலயும் அவரு ஒருத்தருதான் உடனே அவிழ்த்தாரு. படிச்ச பிள்ளைல்ல. எனக்குக் குடுக்க வேண்டிய மிட்டாயை மட்டும் குடுக்காமப் போயிட்டாரு. அவரே அந்தத் தாளைக் கிழிச்சு எடுத்துட்டுப் போனாரு.

சாயங்காலம் நோட்டீசு. நிர்வாகத்தை அவமதிச்சு, சக தொழிலாளிகளைத் தூண்டிவிட்டு எழுதுனதுக்காக விசாரணைன்னு. எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுறாரு, வந்து படிச்சுட்டுத் தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு. எனக்கு என்னமோ பயமே இல்ல. சொல்லப்போனா கொஞ்சம் சந்தோசமாக்கூட இருந்துச்சு. ஒரு விடுகதைக்கு விசாரணை வைக்கிறாகன்னா அது எப்பேர்ப்பட்ட விடுகதை. வேற எந்தக் கம்பெனியிலயாவது நடந்திருக்கா? சொல்லுங்க.

விசாரணை ஆபீஸ் ரூமுல. மதுரையிலருந்து ஒரு வக்கீல் வந்திருந்தாரு, அவருதான் விசாரணை அதிகாரியாம். நல்ல மனுசன், வயசானவரு, ஏசி ஆகாதுன்னு கழுத்துல துண்டு சுத்தியிருந்தாரு. என்னோட தாளைக் கண்ணாடிக் கவர்ல போட்டு மேசையில வச்சிருக்காக. அவரு அதை எடுத்துப் படிக்கிறாரு, "சட்டை போடாத தாத்தா. சாராயக் கடையைப் பூட்டுவார்"னு. எனக்குப் பொறுக்கல. "சார், இழவுச் சேதி வாசிக்கிற மாதிரி வாசிக்காதீங்க, கடைசி வரிக்கு முன்னால ஒரு மூச்சு விடணும்"னேன். அவரு கண்ணாடியை எறக்கிப் பாத்துட்டு, மூச்சு விட்டு இன்னொருதரம் வாசிச்சாரு. பரவாயில்லாம இருந்துச்சு.

மொத சாட்சி தவசிலிங்கம்.

"இது யாரைக் குறிக்குது?"ன்னு வக்கீல் கேட்டாரு.

"ஒரு தாத்தாவைக் குறிக்குதுங்க."

"எந்தத் தாத்தா?"

தவசிலிங்கம் சின்ன முதலாளியைப் பாக்குறாரு. சின்ன முதலாளி ஜன்னலைப் பாக்குறாரு.

"யாரோ வயசான ஆளுங்க ஐயா."

"எங்க கேட்டுன்னு இருக்கே, அது எந்தக் கேட்டு?"

"கேட்டுன்னா... பொதுவா ஒரு கேட்டுங்க."

எனக்கு அப்பவே விளங்கிருச்சு தாயி. கோவத்துல நோட்டீசைக் குடுத்துட்டாரு சின்ன முதலாளி. வக்கீல் வந்து விவரம் கேட்டப்பறந்தான் முழிச்சிருக்காரு. இவுகளா பதிலைச் சொன்னா, அன்னைக்கு லீவு விடலன்னு இவுகளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். பதிலைச் சொல்லலன்னா என்மேல என்ன குத்தம் இருக்கு? நல்லா மாட்டுனாக. எனக்கு உக்காந்த எடத்துலயே சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு.

அதுக்கப்புறம் ஷெட்டுப் பொம்பளைகளை வரிசையாக் கூப்பிட்டாக. அங்கதான் தாயி என் நெஞ்சு ஒடஞ்சுச்சு. செண்பகம் வந்தா. "இதைப் படிச்சப்ப உனக்கு என்ன தோணுச்சும்மா?" "ஒண்ணும் தோணலைங்க." ராக்கம்மா வந்தா. "எனக்கு விடுகதைன்னாலே ஆகாதுங்க, தலைவலி வரும்." இன்னொருத்தி, "நான் படிக்கலைங்க, எனக்குக் கண்ணு தெரியாது"ங்கிறா. ஊசியில நூல் கோக்கிறவ அவ. ஒவ்வொருத்தியா வந்து தெரியாது, புரியல, பிடிபடலன்னு சொல்லிட்டு என் மூஞ்சியைக்கூடப் பாக்காமப் போறாளுக. வருசக்கணக்கா நான் சொல்லிக்குடுத்த பாடம் பூராவும் தண்ணியில போச்சு.

கடைசியில குருவம்மா வந்தா. சரி, இவ சொல்லுவான்னு நிமிந்து உக்காந்தேன். யாருக்காக எழுதுனேன்? இவளுக்காகத்தானே. பஸ் தாமசமாகி, இவ வேலைக்குக் கெளம்புனப்பறம் மக வந்து, பூட்டுன வீட்டு வாசல்ல பகல் பூரா உக்காந்துட்டு, இவ வேலை முடிஞ்சு போறதுக்குள்ள பஸ் ஏறிப் போயிருச்சு தாயி அன்னைக்கு. அந்தப் பிள்ளை மூஞ்சியைக்கூட இவ பாக்கல. வக்கீல் கேக்குறாரு, "உங்களுக்குத் தெரியுமா?" இவ தாளைப் பாத்தா. அப்புறம் சொல்றா, "யோசிச்சுப் பாத்தேங்க. பிடிபடலைங்க."

பிடிபடலையாம். பிப்ரவரியை நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள பிடிச்சவளுக்கு இது பிடிபடலையாம். பொய்யின்னு அவ மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. பயம் தாயி. வேலை போயிருமோன்னு பயம். வேற என்ன?

வக்கீலுக்கு ஒரே சந்தோசம். எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லிட்டாக. துண்டைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு தாளை எழுதி என் முன்னால நகட்டுனாரு. "அம்மா, சுமுகமா முடிச்சிருவோம். நீங்க எழுதுனது அர்த்தமில்லாத கிறுக்கல், எந்த நாளையும் எந்த ஆளையும் எந்த நிறுவனத்தையும் குறிக்கலன்னு இதுல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு நேரா ஷெட்டுக்குப் போங்க, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க"ன்னாரு. சின்ன முதலாளியே பேனாவை எடுத்துக் குடுத்தாரு. கதவு இடுக்குல குருவம்மா நிக்கிறா, போடுக்கா, போடுக்கான்னு கையால சாடை காட்டுறா. அவளுக்குச் சோத்து நேரம் போயிக்கிட்டு இருந்துச்சு, அந்த அவசரம் அவளுக்கு.

பேனாவை வாங்கிட்டேன் தாயி. மூடியைக்கூடக் கழத்திட்டேன். அந்த வார்த்தையைத் திரும்பப் படிச்சேன். அர்த்தமில்லாத கிறுக்கல். அவமதிச்சேன்னு சொல்லு, தூண்டிவிட்டேன்னு சொல்லு, ஏத்துக்கிறேன். அர்த்தமில்லன்னு நானே எப்படி எழுதிக் குடுக்கிறது? அது அர்த்தமில்லன்னா அந்த நாளுக்கும் அர்த்தமில்ல. அந்தப் பிள்ளை பூட்டுன வாசல்ல உக்காந்திருந்ததுக்கும் அர்த்தமில்ல. நான் எந்திரிச்சு நின்னுட்டேன்.

"சார், இதுக்குப் பதில் இருக்கு."

"வேண்டாம்மா."

"இருக்கு சார்."

"நீங்க சொன்னா நான் எழுத வேண்டி வரும். உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எழுதுங்க சார். எழுதத்தானே மதுரையிலருந்து வந்திருக்கீங்க."

சொல்லிட்டேன். "அந்தத் தாத்தா காந்தித் தாத்தா. அந்த நாளு அக்டோபர் ரெண்டு. அந்தக் கேட்டு இந்தக் கேட்டு. அன்னைக்குப் படத்துக்கு மாலை போட்டுட்டு ஷெட்டை ஓட்டுனீக. வருசா வருசம் ஓட்டுறீக. இதைக் கட்டுனது நான்தான், யாரும் சொல்லிக்குடுக்கல. எழுதிக்கோங்க." கதவு இடுக்குல குருவம்மா சேலையால வாயைப் பொத்திக்கிட்டா. வக்கீல் எழுதுனாரு. அவரு மெதுவா எழுதுறாரேன்னு நான் ஒருதரம் திருப்பிச் சொன்னேன்.

அம்புட்டுத்தான், வேலை போச்சு. காரணம் விடுகதை இல்லையாம். விசாரணையில சத்தம் போட்டதாம், ஒழுங்கீனமாம். டிபன் பாக்ஸை எடுக்க ஷெட்டுக்குள்ள போனேன். எல்லாத் தலையும் குனிஞ்சு கெடக்கு. ஒருத்தியாவது "அக்கா"ன்னு கூப்பிடுவான்னு பாத்தேன். இல்ல. கேட்டைத் தாண்டுற வரைக்கும் வீம்பா நடந்தேன். தாண்டுனதும் அழுதேன் தாயி. பொய் சொல்லல, புளியமரத்தடியில நின்னு ஓன்னு அழுதேன்.

அதுக்கப்புறம் வேற கம்பெனியில போய்க் கேட்டுப் பாத்தேன். வாட்ச்மேனே கேக்குறான், "விடுகதைக்காரம்மாதானே நீங்க?"ன்னு. ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. பேர் எடுத்ததென்னமோ நிசம், வேலைதான் தரமாட்டேங்கிறாக. இப்ப வீட்டுக்காரரு சம்பாத்தியத்துலதான் அடுப்பெரியுது. அவரு தினம் ஒரு பாட்டம் பாடுறாரு. "அவளுக உன்னைக் காப்பாத்தத்தாண்டி தெரியாதுன்னு சொன்னாளுக. ஒட்டுமொத்தமா ஒரே பேச்சா நின்னு உன் வேலையைக் காப்பாத்திக் குடுத்தாளுக. நீதான் வாயைத் தொறந்து கெடுத்த"ங்கிறாரு. அவருக்கென்ன தெரியும் ஷெட்டைப் பத்தி. காப்பாத்துறவ பதிலைச் சொல்லிக் காப்பாத்தணும். எல்லாருமாச் சேந்து தெரியாது தெரியாதுன்னு சொன்னா, நான் மட்டும் இருந்து என்ன பண்ண? மறு வருசமும் மிட்டாய் வாங்கித் திங்கவா?

குருவம்மா வீட்டுக்கு வந்தா, ஒருதடவை இல்ல, பலதடவை. கருவாட்டுக் குழம்பு கொண்டாந்தா. நான் பேசல. குழம்பை மட்டும் வாங்கிக்கிட்டேன், அதை எதுக்கு வீணாக்கணும். போன வாரமும் வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டு, "எக்கா, பேச்சுவார்த்தை என்னைக்கு? எந்த எடத்துல? எத்தனை மணிக்கு?"ன்னு துருவித் துருவிக் கேட்டா. நான் சொல்லல. எங்க வீட்டுக்காரருதான் உள்ள இருந்து எல்லாத்தையும் ஒப்பிச்சாரு. எதுக்குக் கேட்டாளோ. ஷெட்டுல போய்ச் சொல்லிச் சிரிக்கிறதுக்கா இருக்கும்.

இன்னைக்கும் அதே தாளைத்தான் கொண்டாருவாக, எனக்குத் தெரியும். கிறுக்கல்ங்கிற வார்த்தையை எடுத்துட்டு வேணும்னா பொழுதுபோக்குன்னு போடுவாக. ஆபீசர் கேப்பாரு, ஏம்மா இதுக்கென்ன, போட்டுட்டுப் போயேன்னு. நான் என்ன சொல்லப்போறேன்னு தெரியுமா தாயி? இன்னொருதரம் விடுகதையைச் சொல்லப்போறேன், நல்லா நிறுத்தி, மூச்சு விட்டு. சொல்லிட்டு, அவிழ்ங்க சார்னு சொல்லப்போறேன். அவரு சர்க்கார் ஆளு. அவருக்கு அன்னைக்கு லீவு விட்டிருப்பாக. அவருக்குத் தெரியாமப் போகாது. வேலை திரும்பக் கிடைக்காட்டிப் போகுது. வீட்டுல உக்காந்து ஊதுபத்தி உருட்டுறேன், பட்டாசுக்குத் திரி சுத்துறேன். கையெழுத்து மட்டும் கிடையாது.

இருங்க, போன் அடிக்குது. யாரு இது... தவசிலிங்கம். இந்நேரத்துல எதுக்கு?

ஹலோ. ஆமா, சண்முகக்கனிதான். பஸ்ல இருக்கேன். என்னது? ஒருத்திகூடவா? எனக்கென்னங்க தெரியும்? நான் எதுக்குங்க கிளப்பிவிடுறேன், நான் அவளுககூடப் பேசியே மாசமாச்சு. சத்தியமாத் தெரியாதுங்க. தெரியாதுன்னா தெரியாதுதான், எத்தனை தடவை சொல்றது. வைங்க.

கேட்டீங்களா கூத்தை? ஷெட்டுல ஒருத்தியும் இல்லையாம். காலையில கேட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாராம், ஒரு தலையும் காணலையாம். வருசக் கடைசி லோடு, லாரி வந்து நிக்குதாம். நான் தெரியாதுங்கிறேன், அந்த மனுசன் நம்பமாட்டேங்கிறாரு. நெசமாவே தெரியாதுன்னு சொன்னா நம்பமாட்டாக போல. எங்க போயிருப்பாளுக? வேற கம்பெனிக்காரன் ரெண்டு ரூவா கூடக் குடுக்கிறேன்னு கூப்பிட்டிருப்பான், ஓடியிருப்பாளுக. அவளுக புத்தி அவ்வளவுதான்.

ஸ்டாப்பு வந்துருச்சு தாயி. கண்டக்டர் தம்பி, நான் சொன்னேன்ல, இங்கதான். என்ன இவ்வளவு கூட்டமா நிக்குது ரோட்டோரத்துல? கல்யாண வீட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி, நல்ல சேலையெல்லாம் கட்டிக்கிட்டு, தலை நெறையப் பூவோட.

அந்தா செண்பகம். அது ராக்கம்மால்ல? கண்ணு தெரியாதுன்னவளும் நிக்கிறா, நான் பாக்குறதுக்கு முன்னாலயே அவ என்னைப் பாத்துட்டா. முன்னால நிக்கிறது குருவம்மா. பக்கத்துல அந்த ஒசரமான பிள்ளை யாரு? அவ மக. திருப்பூர்லருந்து எப்ப வந்துச்சு இது?

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்க தாயி. ஏடி குருவம்மா, இங்க என்னடி பண்றீக எல்லாரும்? அங்க லாரி நிக்குது, தவசிலிங்கம் போன்ல அழுறாரு. யாரைக் கேட்டு வேலைக்குப் போகாம வந்தீக? என்னடி லீவு இன்னைக்கு?

என்னது? சத்தமாச் சொல்லு, இஞ்சின் சத்தத்துல கேக்கல.

கேட்டுச்சா தாயி உங்களுக்கு? "இன்னைக்கு அக்டோபர் ரெண்டுக்கா"ங்கிறா. நடு ரோட்டுல நின்னுக்கிட்டு, லேபர் ஆபீசுக்கே கேக்குற மாதிரி. ஒரு நாளும் அவ இவ்வளவு சத்தமாப் பேசி நான் பாத்ததில்ல. டிசம்பர் மாசத்துல நின்னுக்கிட்டு என்ன சொல்றா பாருங்க இவ. எல்லாருமே அதைத்தான் சொல்றாளுக.

கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சிராத. கொஞ்சம் வழி விடுங்க தாயி, நான் எறங்கணும். எங்களுக்கு இன்னைக்கு லீவு.